அண்ணன் நிற்கும் பாதை

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வலைப்பூவில் “பாதையில் இருக்கிறேன்” என்று ஒரு பதிவு போட்டிருந்தேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். கொழும்பில் கொடிகட்டிப் பறந்த சத்திரசிகிச்சை நிபுணரான என் அண்ணன், வீடு, கார், பேர், புகழ் எல்லாவற்றையும் உதறிவிட்டு இறைவனைத் தேடிப் போய்விட்டார் என்று உருகி உருகி எழுதியிருந்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதைத்தான். படித்துவிட்டு அழுததாகச் சிலர் எழுதினீர்கள். ஒருவர் அண்ணனின் காலைத் தொட்டு வணங்க வேண்டும், முகவரி தாருங்கள் என்று கேட்டார்.

அந்தப் பதிவை நேற்று நீக்கிவிட்டேன். ஏன் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதுதான் பதில். மட்டக்களப்புப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு வழக்கம்போல நேரம், கட்டணம், தூரம் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆனால் மனதுக்கு இதமாக ஏதாவது படிக்கலாம் என்று வந்திருந்தால் தயவுசெய்து எல்ல என்ற மலையூருக்குப் போன என் பயணப் பதிவுக்குப் போய்விடுங்கள். அங்கே தேயிலைத் தோட்டம், பாலம், பனி எல்லாம் இருக்கிறது.

அண்ணன் பெயர் அருணகிரிநாதன். வயது ஐம்பத்தேழு. அவர் வீட்டை விட்டுப் போய் மூன்று மாதம் கழித்து அண்ணிக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. நான்கே வரி. “எல்லாத்தையும் விட்டுட்டேன். என்னைத் தேட வேண்டாம். இப்ப பாதையில இருக்கேன். கடவுளுக்குக் கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருக்கு.” முகவரி இல்லை. உறையில் மட்டக்களப்புப் பக்கத்துச் செங்கலடியின் தபால் முத்திரை மட்டும். பாதை என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ஞானப் பாதை, பக்திப் பாதை என்றுதானே? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஏதோ ஓர் ஆச்சிரமத்தில் காவி கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தோம். அண்ணி அழுது முடித்து, பிறகு கோபப்பட்டு, பிறகு பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்டார்.

இப்போது போனதற்குக் காரணம், அண்ணன் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். “அத்தை, அப்பா வந்து மணவறையில ஒரு நிமிஷம் நின்னாப் போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றாள். அண்ணி போக மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். “தானா போனவர் தானா வரட்டும்” என்றார். வேறு யார் இருக்கிறார்கள்? ஊர் சுற்றுவதே வேலையாக வைத்திருக்கும் நான்தான். கல்யாணக் கார்டு ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை கிளம்பினேன்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு ரயில். ஏறத்தாழ முந்நூற்றைம்பது கிலோமீட்டர். இரண்டாம் வகுப்பு முன்பதிவுக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். ஜன்னல் இருக்கை கிடைத்தது, ஆனால் அந்த ஜன்னல் மூடாது. மாகோவுக்குப் பிறகு தூசி முகத்தில் அப்பிக்கொண்டே வந்தது. பொலநறுவை தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. கொண்டுபோன இடியப்பம் புளித்துவிட்டது. மட்டக்களப்பில் இறங்கும்போது மாலை மூன்று இருபது, ஒரு மணி நேரம் தாமதம்.

இங்கே ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது பிழைத்துக்கொள்ளுங்கள். செங்கலடிப் பக்கம் போகிறவர்கள் மட்டக்களப்பு வரைக்கும் போகத் தேவையில்லை. முந்தின நிலையமான ஏறாவூரில் இறங்கினால் சில கிலோமீட்டர்தான். நான் இது தெரியாமல் நகருக்குப் போய், கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அறை எடுத்து, மறுநாள் காலை பத்தரைக்குப் பஸ் பிடித்து வந்த வழியே திரும்பிப் போனேன். பஸ் கட்டணம் தொண்ணூறு ரூபாய், பயணம் நாற்பத்தைந்து நிமிடம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகிற மாணவர்கள் ஏறிவிட்டால் கால் வைக்க இடம் இருக்காது. கல்லடிப் பாலத்தடியில் பாடும் என்று சொல்கிற மீனைக் கேட்டீர்களா என்று கேட்காதீர்கள். கேட்கவில்லை.

செங்கலடிச் சந்தியில் ஓட்டோக்காரர்களிடம் விசாரித்தேன். “இங்க ஆச்சிரமம் ஏதாவது இருக்கா தம்பி? கொழும்புக்காரர் ஒருத்தர், ரெண்டு வருஷமா, எல்லாத்தையும் விட்டுட்டு வந்து பாதையில இருக்கார்.” முதல் இரண்டு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாமவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“பாதையில நிக்கிற கொழும்பு ஐயாவா? அப்பிடிச் சொல்லுங்களன். ஏறுங்க அக்கா. ஆனா இப்ப போறதுக்குள்ள பதினொண்டரைப் பாதை போயிரும்.”

“பாதை போயிருமா? எங்க போயிரும்? வெள்ளம் வந்து அடிச்சுக்கிட்டுப் போயிருச்சா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆகஸ்ட் மாசத்தில என்ன வெள்ளம்? பாதை போனா மறுகா வரும்தானே.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆள் ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ஏழு கிலோமீட்டர், தொள்ளாயிரம் ரூபாய். ஆயிரத்து இருநூறு கேட்டார், சண்டை போட்டுக் குறைத்தேன். பிரதான வீதியிலிருந்து இறங்கி, அறுவடை முடிந்த வயல் வட்டைகளுக்கு நடுவே கிரவல் ரோட்டில் போய், வாவிக் கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தத் துறையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. கேட்டு மின்னஞ்சல் போட வேண்டாம்.

கரையில் ரோடு தண்ணீருக்குள் போய் முடிந்தது. வாவியின் நடுவே, இரும்புப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்த பெரிய மிதவை ஒன்று அக்கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மேலே மூன்று மோட்டார் சைக்கிள், சில ஆட்கள், ஓர் ஆடு. ஒருவர் இரு கரைக்கும் நடுவே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஓட்டோக்காரர் கையை நீட்டிக் காட்டினார். “அந்தா போகுது பாதை. கயித்த இழுக்கிறாரே, அவர்தான் நீங்க தேடுற ஆள்.”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்தப் பக்கத்தில் பாதை என்றால் ஆற்றையும் வாவியையும் கடக்கிற மிதவைக்குப் பெயர். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஆட்களுக்கும் தெரியுமாம். நான் மாத்தளைக்காரி, எனக்கு எங்கே தெரியும்? மனுஷன் “பாதையில இருக்கேன்” என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். நாங்கள் அதற்குக் காவி கட்டி, நான் அதை ஊருக்கெல்லாம் படையல் போட்டு, நீங்களெல்லாம் கும்பிட்டும் விட்டீர்கள். கரையில் நின்று தனியாகச் சிரித்தேன். அந்தப் பயணத்தில் சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்த பாதை பன்னிரண்டரைக்கு. மருத மரத்தடியில் ஒரு பெட்டிக்கடை, பிளேன்டீ ஐம்பது ரூபாய். அங்கே மர வாங்கில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் ஒரு சாக்கு நிறைய வெறும் தயிர்ச் சட்டிகள். அவரைப் பூமணி என்று சொல்கிறேன், அது அவருடைய பெயர் இல்லை. அக்கரையான படுவான்கரையில் வீடு. காலைப் பாதையில் தயிரோடு இக்கரைக்கு வந்து கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, முந்தின நாள் சட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பன்னிரண்டரைப் பாதையில் வீட்டுக்குப் போவாராம். தினமும் இதுதான்.

“கொழும்பில இருந்து தனியவா வந்த நீங்க?” என்று கேட்டார். “பயமில்லையா அக்கா?” நகர்ந்து இடம் கொடுத்தார். எனக்குப் பேச ஆள் கிடைத்தால் விடுவேனா? அண்ணனைத் தேடி வந்திருக்கிறேன் என்றேன். போனை எடுத்து அண்ணனின் படத்தைக் காட்டினேன். எவ்வளவோ படம் இருக்க, எனக்குப் பிடித்த அந்தப் படத்தைத்தான் காட்டினேன். அண்ணனுக்குக் கொழும்பில் பாராட்டு விழா எடுத்தபோது நானே எடுத்தது. கழுத்தில் ஆளுயர மாலை, நெற்றியில் சந்தனம், முகமெல்லாம் சிரிப்பு.

பூமணி போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “இது எங்கட பாதைக்கார நாதன் அண்ணன் எலுவா! இதென்ன அக்கா, மாலையெல்லாம் போட்டு, கலியாண மாப்பிளை மாதிரி நிக்கிறார்? தங்கமான மனிசன். ரெண்டு வருசமா என்ர சட்டிய என்னத் தூக்க விட்டதில்ல. ஏத்தவும் அவர்தான், இறக்கவும் அவர்தான்.”

பாதைக்காரர் என்று சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் அண்ணனாயிற்றே! அவர் சாதாரண ஆள் இல்லை, பெரிய டொக்டர், நாட்டிலேயே பேர் போன சத்திரசிகிச்சை நிபுணர் என்று நீட்டி முழக்கினேன். அதோடு நின்றேனா? “மாசத்துக்கு ஒரு தடவை உங்க மட்டக்களப்புக்கும் வந்து தனியார் ஆஸ்பத்திரியில ஒப்பரேஷன் செய்வாரே, டொக்டர் அருணகிரிநாதன், கேள்விப்பட்டதில்லையா?” என்றும் கேட்டேன். கைப்பையிலிருந்து கல்யாணக் கார்டை எடுத்து அவர் பெயர் அச்சடித்திருந்த இடத்தைக் காட்டினேன்.

பூமணி கார்டை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு மறுபடியும் போனைக் கேட்டார். “இந்தப் படம் எப்ப எடுத்தது அக்கா?”

போன்தான் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறதே. திகதியையும் நேரத்தையும் பார்த்துச் சொன்னேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, இரவு எட்டு பத்து. பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் போனைத் திருப்பித் தந்தார். கார்டை நாலாக மடித்து ஒரு சட்டிக்குள் வைத்தார். நான் கொடுத்ததாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ என்று நானும் திருப்பிக் கேட்கவில்லை. பாதை வந்தது. ஆட்கள் ஏறினார்கள். “வாங்க, போகலாம்” என்றேன். “நீங்க போங்க. நான் மறுகா வாறன்” என்றார். மறுகா என்றால் பிறகு என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. ஆனால் ஏன் பிறகு என்று யோசிக்கவில்லை.

அண்ணன் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். எனக்குத்தான் நேரம் பிடித்தது. கறுத்து, வற்றி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையெல்லாம் கயிறு அறுத்த தழும்பு. மில்லிமீட்டர் பிசகாமல் அறுக்கிற கை என்று மேடையில் புகழ்ந்தார்களே, அந்தக் கை. “வந்துட்டியா தங்கச்சி” என்றார். அவ்வளவுதான். பாதையைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்தவர் கரையைப் பார்த்து நின்றார். “பூமணி ஏன் ஏறல? அவ இந்தப் பாதையை விட மாட்டாளே. மேலுக்கு ஏதும் சரியில்லையா?”

ஆளுக்கு முப்பது ரூபாய், மோட்டார் சைக்கிளுக்கு எழுபது. அகலம் நானூறு மீட்டர்தான், ஆனால் கடக்கப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். முதல் இரண்டு நிமிடத்தில் நான் கல்யாணத்தைச் சொன்னேன். கண் கலங்கினார். கார்டைக் கேட்டார். அது பூமணியிடம் இருக்கிறது என்று சொல்லி, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். படத்தைக் காட்டியது, டொக்டர் என்று சொன்னது, திகதி கேட்டது.

அண்ணன் கயிற்றை விட்டுவிட்டார். பாதை பக்கவாட்டில் இழுபட ஆரம்பித்தது. பின்னால் நின்ற வயதான பாதைக்காரர் சத்தம் போட்டார். அண்ணன் மறுபடியும் கயிற்றைப் பிடித்து, என் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் பூமணியின் மகளைக் கடுமையான வயிற்றுவலியோடு அண்ணன் மாதம் ஒருமுறை போகிற ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பதினேழு வயது. பெரிய டொக்டர் பார்த்தால் பிள்ளை பிழைக்கும் என்று கேள்விப்பட்டு, எருமை ஒன்றை விற்றுக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடமையில் இருந்த இளம் வைத்தியர் கொழும்புக்கு அண்ணனை அழைத்து, நிலைமை மோசமாகிறது, அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு உடனே அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். அண்ணன் மறுநாள் காலை எப்படியும் மட்டக்களப்புக்கு வருவதாக இருந்தது. அவரிடம் வந்த நோயாளியை இன்னொருவர் கைக்கு அனுப்ப மனமில்லை. “வேணாம், காலையில நான் வந்து பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டார். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. காரில் வந்துகொண்டிருந்தவருக்கு மகாஓயாவில் வைத்துச் செய்தி கிடைத்தது. அப்படியே காரைத் திருப்பிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். தாய் தகப்பன் முகத்தைப் பார்க்கவே இல்லை. யாரும் அவரைக் கேள்வி கேட்கவும் இல்லை.

எனக்கு அந்த அழைப்பு நினைவிருக்கிறது. மாலை போட்ட பிறகு அண்ணன் போனோடு மேடைக்குப் பின்னால் போனார். அரை நிமிடம் இருக்காது. நான் பின்னாலேயே போய், “அண்ணா, அப்புறம் பேசலாம், படம் எடுக்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க” என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அதற்குப் பிறகு எடுத்ததுதான் எட்டு பத்து படம். அதைத்தான் நான் அந்தத் தாயின் கையில் கொடுத்தேன்.

“ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தேன், முடியல. அவகிட்டச் சொல்லத்தான் வந்தேன் தங்கச்சி” என்றார் அண்ணன். “வீட்டைக் கேட்டுக்கிட்டு இந்தப் பாதையில ஏறினேன். அக்கரையில இறங்க முடியல. அப்படியே திரும்பிட்டேன். மறுநாளும் வந்தேன். அன்னைக்கும் திரும்பிட்டேன். நாலாம் நாள் இந்தப் பெரியவர், சும்மாதானே போய்ப் போய் வாறீங்க, கயித்தையாவது பிடிங்கன்னார். பிடிச்சேன். இங்க ஒரு அம்மன் கோயில் இருக்கு, வருஷத்துல ஒரு தடவைதான் கதவு திறப்பாங்க, வைகாசியில. கதவு திறக்கிற அன்னைக்குச் சொல்லிடுவேன்னு அம்மனுக்கு வாக்குக் குடுத்தேன். ரெண்டு வைகாசி போயிருச்சு.”

எனக்கு வந்ததே கோபம். பாதையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். “இதுக்குப் பேரு துறவா? பெண்டாட்டியை விட்டீங்க, பெத்த பிள்ளையை விட்டீங்க, எங்களை எல்லாம் விட்டீங்க. அந்த உண்மையை மட்டும் சொல்லாம இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அவ சட்டியைத் தூக்கிக் குடுத்து அவ வாயால நல்ல மனுஷன்னு பேரும் வாங்கிக்கிட்டு, கடவுளுக்குக் கிட்ட வந்துட்டேன்னு கடிதம் வேற எழுதுறீங்களா?”

அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். பலகையில் யாரோ கட்டியிருந்த இன்னோர் ஆடுதான் கத்தியது.

அக்கரையில் ஆட்கள் இறங்கினார்கள், வேறு ஆட்கள் ஏறினார்கள். நான் இறங்கவில்லை. படுவான்கரை எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு ரோடு, சில தென்னை, ஒரு மைல் கல், அவ்வளவுதான் பார்த்தேன். ஒன்று பத்துக்குப் பாதை திரும்பியது. அண்ணன் இழுக்கிற வேகம் குறைந்துகொண்டே வந்தது. வயதான பாதைக்காரர் வந்து அவரோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தார். என்ன தெரிந்ததோ அவருக்கு.

பூமணி தண்ணீர் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். காலடியில் சட்டிச் சாக்கு. அண்ணன் இறங்கி முழங்கால் தண்ணீரிலேயே நின்றார். பூமணிதான் கேட்டார். குரல் உயரவே இல்லை.

“அண்டைக்கு அந்தச் சின்ன டொக்டர் போன் எடுத்தவர்தானே. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவா எண்டு கேட்டவர்தானே. நான் பக்கத்திலதான் நிண்டன். அங்கால இருந்து என்ன சொன்னது எண்டு எனக்குக் கேக்கல்ல. மூண்டு வருசமா ஆரிட்டக் கேட்டும் ஒருவரும் சொல்லுறாங்கல்ல. நீங்க என்ன சொன்ன நீங்க?”

“வேணாம். காலையில நான் வந்து பார்க்கிறேன்னு சொன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“பிள்ளைக்கு எத்தின வயசெண்டு கேட்ட நீங்களா?”

“கேக்கல.”

பெட்டிக்கடைக்காரர் வெளியே வந்து நின்றார். மோட்டார் சைக்கிள்காரர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பூமணி அழவில்லை, திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. நான் இதில் ஏதாவது ஒன்றை எதிர்பார்த்துப் பயந்து நின்றேன். அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு வருஷப் பழக்கத்தில் குனிந்து சட்டிச் சாக்கைத் தூக்கப் போனார்.

“தொடாதீங்க.”

அண்ணன் கையை எடுத்துக்கொண்டார்.

“இனி என்ர சட்டியத் தொடாதீங்க.”

அவரே சாக்கை அவிழ்த்தார். ஒரு சட்டிக்குள்ளிருந்து கல்யாணக் கார்டை எடுத்து, மடிப்பைக் கையால் நீவி, என்னிடம் நீட்டினார். “கலியாணத்த நல்லபடியாச் செய்யுங்க அக்கா. அந்தப் பிள்ளைக்கு இதொண்டும் சொல்லிப்போடாதீங்க. அது என்ன செஞ்சது?” பிறகு சாக்கைத் தானே இடுப்பில் ஏற்றி, தடுமாறி, பலகையில் கால் வைத்து ஏறினார். வீட்டுக்குப் போக அவருக்கு வேறு வழி இல்லை. வீதியால் சுற்றினால் முப்பத்திரண்டு கிலோமீட்டர், பஸ்ஸும் கிடையாது. முப்பது ரூபாயை எடுத்து அண்ணன் கையில் வைத்தார். இரண்டு வருஷமாக அவரிடம் அண்ணன் காசு வாங்கியதே இல்லையாம். அன்று வாங்கிக்கொண்டார். கயிற்றைப் பிடித்தார். பாதை போனது. பூமணி அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்.

நான் கரையில் காத்திருந்தேன். இரண்டு மணிக்கு அண்ணன் திரும்பி வந்தார். கார்டைக் கொடுத்தேன். மகளின் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வரலையா?” என்று கேட்டேன்.

“நாளைக்குக் காலையில ஆறு மணிப் பாதைக்கு அவ வருவா. நான் இல்லைன்னா ஓடிட்டேன்னு நினைப்பா. ஒரு தடவை ஓடினவன்தானே.”

“எத்தனை நாளைக்கு அண்ணா?”

“அவ இந்தப் பாதையில வந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும்.”

கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன். “இப்பவும் கடவுளுக்குக் கிட்ட இருக்கீங்களா?” “இங்க வந்த புதுசுல ராத்திரியில நல்லாத் தூக்கம் வந்துச்சு தங்கச்சி. அதைத்தான் அப்படி எழுதிட்டேன்” என்றார். நீ இதை எழுது, என் பெயரோடே எழுது என்றும் சொன்னார். அதனால்தான் எழுதியிருக்கிறேன். அண்ணன் மகள் இந்த வலைப்பூவைப் படிப்பதில்லை. யாராவது போய்ச் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம் இல்லாமல் இல்லை. பூமணி கேட்டுக்கொண்டதையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். மணவறையில் அவள் அப்பாவின் இடத்தில் என் கணவர் நிற்கப் போகிறார்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டார் என்று நான் எழுதியது பொய். தெரியாமல் எழுதிய பொய்தான், ஆனால் அதை எழுதி எனக்கும் கொஞ்சம் மாலை விழுந்தது. அதை வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை, நீக்கிவிட்டேன். எட்டு பத்து படத்தை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. அழித்தால் நானும் மகாஓயாவில் காரைத் திருப்பிய மாதிரி ஆகிவிடும்.

போக நினைப்பவர்களுக்கு: ஏறாவூரில் இறங்குங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம், கரையில் நிழல் ஒரு மருத மரம்தான். மாரியில், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, வாவி பெருகினால் பாதை ஓடாது, கேட்டுக்கொண்டு போங்கள். ஐயாயிரம் ரூபாய் நோட்டை நீட்டாதீர்கள், சில்லறை இருக்காது. இந்த வாவியில் பாதைகள் பல இருக்கின்றன, எதில் ஏறினாலும் இதே தண்ணீர்தான். தற்செயலாக அண்ணனின் பாதையிலேயே ஏற நேர்ந்தால், அவரை டொக்டர் என்றோ சாமி என்றோ கூப்பிட வேண்டாம், காலைத் தொடவும் வேண்டாம். காலை ஆறு மணிப் பாதையில் ஒரு பெண் நிறைந்த தயிர்ச் சட்டிகளோடு தனியாகச் சிரமப்பட்டு இறங்குவார். பக்கத்திலேயே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நிற்பார். அவர்மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் போய்த் தூக்கிக் கொடுங்கள்.